சுண்ணாம்பு ஒளிரும் விதம்

தூத்துக்குடிக் கரையில் ஒதுங்கும் சிப்பி ஓடுகளை அள்ளிச் சூளையில் இட்டுச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். வெற்றிலையில் தடவவும் சுவருக்கு வெள்ளையடிக்கவும் கரையூர்களில் அதைத்தான் நெடுங்காலம் புழங்கினார்கள். அதே கடலில், அதே இனத்து உயிர் ஒன்றின் சதைக்குள்ளிருந்து எடுத்த மணி பாண்டியன் மார்பில் ஆரமாகக் கிடந்தது; கப்பலேறி ரோமாபுரிப் பெண்களின் காதிலும் தொங்கியது. வேதியியல் கொண்டு பார்த்தால், சூளைக்குப் போன ஓட்டுக்கும் அரண்மனைக்குப் போன முத்துக்கும் பெரிய வேற்றுமை கிடையாது. இரண்டும் கால்சியம் கார்பனேட்தான். சுண்ணாம்புக்கல்லும் அதுதான், சலவைக்கல்லும் அதுதான், கோழிமுட்டை ஓடும் அதுதான்.

அப்படியானால் முத்துக்கு அந்த விலை எங்கிருந்து வந்தது? அரிதாகக் கிடைக்கிறது என்பது பாதி விடை. மீதிப் பாதி, அணுக்களும் படிகங்களும் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. எந்த நகைக்கல்லை எடுத்தாலும் இதையே காணலாம். வைரம் வெறும் கார்பன். மாணிக்கம் அலுமினியமும் ஆக்சிஜனும். பொருள் மலிவானது, அது சீராக அடுக்கப்படுவதுதான் அரிது. இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கைப் போல வாய்த்த இடம் தமிழ்நாட்டில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆற்றின் முகத்துக் கடலில் உயிர் செய்த மணி கிடைத்தது. அதற்குத் தெற்கே கரைமணலில் பாறை செய்த மணி கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவே, பிற நாட்டுக் கற்களைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிய வணிகர்களின் ஊர் இருக்கிறது.

பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் மலையிறங்கும் ஆறு, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. ஆற்றுக்கு வடக்கே, இன்று கடலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே கொற்கை என்ற சிற்றூர் இருக்கிறது. பாண்டியரின் துறைமுகமாக இருந்த ஊர் அது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற வணிகர் கையேடு, பாண்டியனுக்கு உரிய இந்த முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை இறக்கினார்கள் என்று குறிப்பிடுகிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலவியல் நூலிலும் ஊரின் பெயர் இருக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முத்து விளையும் இடங்களை வரிசைப்படுத்தும்போது தாம்ரபர்ணிக முத்தைச் சொல்கிறது. இலங்கைக்கும் அந்தப் பெயர் வழங்கியதுண்டு. ஆனால் பாண்டிநாட்டு ஆறும் கடலும் கூடும் இடம் என்று பழைய உரையே விளக்கிவிட்டதால், நாம் உரிமை கொண்டாடத் தடை ஏதுமில்லை.

சிலப்பதிகாரத்தின் வழக்கும் இந்தத் துறையைத் தொட்டுத்தான் நிற்கிறது. அரசியின் சிலம்பில் இருந்த பரல் முத்து; கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். ஓர் உயிர் போன பிறகாவது, சிலம்பை உடைத்துப் பார்த்தவுடன் தீர்ப்பு மாறியது. தீர்ப்பு வழங்கிய பாண்டியனுக்குப் பின் மதுரையில் அரியணை ஏறிய வெற்றிவேற்செழியன், அதுவரை கொற்கையில் இருந்தவன். முத்து விளையும் துறையைப் பாண்டியர் தங்கள் இளவரசர் பொறுப்பில் வைத்திருந்தார்கள் என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடலை மெல்லப் பின்னுக்குத் தள்ளியது. கப்பல்கள் கொற்கையை விட்டுக் காயலுக்குப் போயின. காயலும் தூர்ந்தபோது புன்னைக்காயலுக்கும், பிறகு தூத்துக்குடிக்கும் போயின. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து பார்த்தது காயலை. 19-ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் பாதிரியார் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து, இந்த இடமாற்றத்தை விரிவாக எழுதினார். 1968–69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் அகழ்ந்தபோது கிடைத்த கரியின் காலம் கி.மு. 8-ஆம் நூற்றாண்டைத் தொட்டது.

சற்று மேற்கே ஆதிச்சநல்லூரில், 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தங்க நெற்றிப்பட்டங்கள் முதுமக்கள் தாழிகளுக்குள்ளிருந்து வந்தன. முத்தின் புகழ் இத்தனை பரவிய நாட்டில், மண்ணுக்குள்ளிருந்து முத்து குவியல் குவியலாக வரவில்லையே என்று கேட்கத் தோன்றும். தங்கம் எதோடும் எளிதில் வினைபுரியாது. மூவாயிரம் ஆண்டு கிடந்தாலும் தங்கமாகவே கிடக்கும். முத்து அப்படியில்லை. மண்ணில் ஊறும் மழைநீர் லேசான அமிலம். அது கால்சியம் கார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். படிகங்களைப் பிணைத்திருந்த புரதம் அதற்கு முன்பே மட்கிவிடும். கொற்கையின் பெருஞ்செல்வம் பெரும்பாலும் நூல்களில் மட்டும் எஞ்சியதற்கு வேதியியலும் ஒரு காரணம்.

இனி சிப்பிக்குள் போவோம். மன்னார் வளைகுடாவில் முத்து தரும் சிப்பிக்குப் பிங்க்டாடா ஃபுகாட்டா என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான் இருக்கும். மணலில் அதனால் வாழ முடியாது. தன் காலிலிருந்து சுரக்கும் நூலிழைகளால் கெட்டியான பாறையைப் பற்றிக்கொண்டுதான் வளரும். அத்தகைய பாறைத் தரையை முத்துக்குளிப்பவர்கள் 'பார்' என்றார்கள். கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் பார்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொளாயிரம் பார் அவற்றில் பேர்போனது.

சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சதைப் போர்வை ஒன்று உண்டு. ஓட்டைச் செய்வது அதுதான். கடல்நீரிலிருந்து கால்சியத்தை எடுத்து, அராகோனைட் என்னும் படிகமாக்கி, தகடு தகடாகப் படிய வைக்கிறது. ஒரு தகட்டின் தடிமன் சுமார் அரை மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு இரண்டாயிரம் தகடுகளை அடுக்கலாம். தகடுகளுக்கு இடையே கான்கியோலின் என்ற புரதப் பசை. செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய சுவரை மனத்தில் நிறுத்திக்கொண்டால் இந்த அமைப்பு விளங்கிவிடும். கனத்தில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு படிகம், மீதி பசை. அந்தச் சிறு பங்குப் பசைதான், தட்டினால் நொறுங்கும் அராகோனைட்டை எளிதில் உடையாத பொருளாக்குகிறது. விரிசல் ஒன்று உள்ளே நுழைந்தால் தகட்டுக்குத் தகடு வளைந்து வளைந்து போக வேண்டியிருக்கிறது. வழியிலேயே அதன் வேகம் தீர்ந்துவிடுகிறது.

ஒளியின் கதையும் இந்த அரை மைக்ரோமீட்டரில்தான் இருக்கிறது. நம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை. தகட்டின் தடிமனும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு தகட்டின் மேல்முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடுத்த தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது சில நிறங்கள் கூடிப் பொலிகின்றன, சில அடங்கிவிடுகின்றன. நல்ல முத்தைக் கையில் வைத்துத் திருப்பினால் வெண்மைக்கு மேலே இளஞ்சிவப்பும் பச்சையும் நழுவிப்போவது இதனால்தான். மேற்பரப்பில் மட்டும் பட்டுத் தெறிக்காமல், உள்ளே பல அடுக்குகள்வரை போய்த் திரும்புவதால் அந்த ஒளிக்கு ஆழம் இருக்கிறது. நகைக்காரர்கள் 'நீரோட்டம்' என்று சொல்லிப் பார்ப்பது இதைத்தான். தகடுகள் ஒழுங்கு குலைந்து படிந்த சிப்பியில் மணி உருண்டாலும் அது மங்கிய வெள்ளைக் கல்லாகவே இருக்கும்.

சிப்பிக்குள் மணல் துகள் விழுந்துவிட, உறுத்தல் தாங்காமல் அது முத்தைச் சுரக்கிறது என்று பாடப்புத்தகம் முதல் சினிமாப் பாட்டுவரை சொல்லிவிட்டார்கள். அழகான கதை, ஆனால் உண்மை அநேகமாக வேறு. கடலடியில் வாழும் உயிருக்கு மணல் புதிதில்லை. உள்ளே வந்த மணலை வெளியே தள்ள அதற்குத் தெரியும். முத்து பிறக்க வேண்டுமானால், ஓட்டைச் சுரக்கும் போர்வையின் உயிரணுக்கள் சில இடம் பெயர்ந்து சதைக்குள் மாட்டிக்கொள்ள வேண்டும். மீன் கடித்தோ, ஒட்டுண்ணி துளைத்தோ, காயம் பட்டோ அது நேரலாம். இடம் பெயர்ந்த உயிரணுக்கள் பெருகிச் சிறு பையாகின்றன. பைக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: தகடு அடுக்குவது. வெளியே ஓடாகப் படிய வேண்டியது, உள்ளே உருண்டையாகப் படிகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைப் பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மனும், பிற்பாடு சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னலும், நாடாப்புழுவின் இளம்பருவத்தையே முத்துக்கு மூலமாகக் கருதினார்கள். ஒட்டுண்ணி ஒரு காரணமாகலாம். எல்லா முத்துக்கும் அதுவே காரணம் என்ற முடிவு நிலைக்கவில்லை. ஆனாலும் மணல் கதையிலிருந்து அறிவியலை உயிரியல் பக்கம் திருப்பியதில் அவர்கள் உழைப்பு பெரிது.

நம் முன்னோர் சொன்ன கதை வேறு மாதிரி. சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி, வாய் திறந்த சிப்பியில் விழுந்தால் முத்து. ஐப்பசியில் சூரியன் சுவாதியில் நிற்கும் நாட்களில்தான் இந்தப் பள்ளத்தாக்குக்கு வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. வானத்துத் துளியைக் கடல்மணியோடு இணைத்தவர்கள் பருவத்தை உற்றுக் கவனித்தவர்கள் என்று தோன்றுகிறது. பிளினி என்ற ரோமானியர், சிப்பி பனித்துளியைப் பருகிக் கருக்கொள்கிறது என்று எழுதினார். இரு கரைகளிலும் ஒரே எண்ணம். உண்மையில் மழைநீர் மிகுந்து உப்பு குறைந்தால் முத்துச்சிப்பி வாடும். பதினைந்து மீட்டர் ஆழத்தில் கிடப்பதற்குத் துளி போய்ச் சேரவும் வழியில்லை.

ஆனால் பழைய நம்பிக்கைகளை ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத்சம்ஹிதை முத்து பிறக்கும் இடங்களாகச் சிப்பியோடு சங்கு, யானை, பன்றி, மூங்கில், மீன், பாம்பு, மேகம் ஆகியவற்றையும் சொல்கிறது. தமிழ் நூல்கள் இந்தப் பட்டியலை இருபதுவரை நீட்டின. படிக்கும்போது கற்பனை என்றே தோன்றும். ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். சங்குக்குள் மணி உருவாவது உண்மை. யானைத் தந்தத்தின் உள்கூட்டில் அடிபட்ட இடத்தைச் சுற்றித் தந்தப் பொருளே உருண்டையாகத் திரள்வதும் உண்டு. மூங்கில் கணுவுக்குள் சில வேளை வெள்ளைக் கட்டி உறையும். சித்த மருத்துவத்தில் மூங்கிலுப்பு என்று எடுத்துவைப்பார்களே, அது சிலிக்கா. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் அதன் ஒளிவிலகலை அளந்து, ஒரு திடப்பொருளுக்கு இத்தனை குறைவா என்று வியந்தார். ஆக, உயிருடல் தனக்குள் கனிமத்தைத் திரட்டும் என்ற பொது உண்மையைக் கண்டவர்கள்தாம் அந்தப் பட்டியலைத் தொடங்கியிருக்க வேண்டும். பாம்பும் மேகமும் கற்பனையாகக் கூடச் சேர்ந்திருக்கலாம்.

முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். பார்களைப் பார்வையிட்டு, சிப்பி முதிர்ந்திருக்கிறது என்று உறுதியான ஆண்டுதான் சலாபம் நடந்தது. கடல் அமைதியாக இருக்கும் மார்ச் மாதத்தை ஒட்டிக் கரையில் ஓலைக் குடிசைகளாக ஊர் ஒன்று முளைக்கும். பதினைந்து கிலோவுக்கு மேல் கனக்கும் கல்லில் காலை வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, ஆள் கயிற்றோடு இறங்குவார். கீழே இருக்கும் நேரம் ஒரு நிமிடம், மிஞ்சினால் சற்றுக் கூட. 15 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தமும் காற்றழுத்தமும் சேர்ந்து தரையில் இருப்பதைப்போல் இரண்டரை மடங்கு. நுரையீரலில் இருக்கும் காற்று ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். செவிப்பறை கிழிந்து ரத்தம் வந்தவர்கள் ஏராளம். அந்த நிலையில் இரு கையாலும் சிப்பியைப் பறித்து வலைக்கூடையில் இட வேண்டும். மேலே தோணியில் கயிறு பிடிப்பவர் மச்சானாகத்தான் இருப்பார் என்று கரையோரத்தில் சொல்வார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதே, கவனம் பிசகுமா?

சுறாவுக்கு வாய்க்கட்டு மந்திரம் போட்டவர் கடற்கட்டி. மார்க்கோ போலோ காலத்திலேயே, பிடிபடும் முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கும் போனது. அவர் இல்லாமல் குளிக்க இறங்க மாட்டோம் என்று ஆட்கள் மறுத்ததால், வெள்ளைக்கார அரசாங்கமும் வெகுகாலம் அவருக்குக் கூலி கொடுத்தது. உயிரைப் பணயம் வைப்பவர்கள் கேட்ட ஒரு துணை அது. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. முத்துக்கு எழுதப்பட்ட பாராட்டுகளில் நூற்றில் ஒரு பங்குகூட முத்துக்குளித்த பரதவர்களுக்கும் காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களுக்கும் கிடைத்ததில்லை. முத்துக்குளிக்கும் உரிமைக்காகத்தான் 1530-களில் பரதவர் போர்ச்சுகீசியரின் துணையை நாடினார்கள். முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்கரானார்கள். 1542-இல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்தார்.

கரை சேர்ந்த சிப்பிகளை அடைப்புக்குள் கொட்டிச் சதை அழுகும்வரை விட்டு, கழுவி, அரித்து எடுப்பார்கள். பிறகு தரம் பிரிப்பு. பித்தளைச் சல்லடைகள் பத்து. முதல் சல்லடையில் இருபது துளை, கடைசியில் ஆயிரம். எந்தச் சல்லடையில் தங்கியது என்பதைக் கொண்டு பருமன். அதற்கு மேல் உருட்சியும் நீரோட்டமும் பார்த்து ஆணி, அனதாரி, மசங்கு, கழிப்பு என்று தரம். இந்தக் கூரிய பார்வை பழமையானது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்து நகைப் பட்டியலைக் கல்லில் வெட்டியவர்கள், முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி என்றும், குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்றும் வேறுபடுத்தி எழுதியிருக்கிறார்கள். வடிவம் தனி, ஒளி தனி. இன்றைய ஆய்வுக்கூடச் சான்றிதழிலும் அந்த இரண்டும் தனித்தனிக் கட்டங்களாகத்தான் இருக்கின்றன.

விலை போடும் கணக்கு இன்னும் நுட்பமானது. எடையை மஞ்சாடியில் நிறுப்பார்கள். ஒரு மஞ்சாடி இரண்டு குன்றிமணி. எடையை எடையாலேயே பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் கணக்கின் சாரம். நான்கு மஞ்சாடிக்கு ஒரே முத்து இருந்தால் பதினாறு. அதே நான்கு மஞ்சாடிக்கு நான்கு முத்து இருந்தால் நான்குதான். எடை ஒன்று, மதிப்பில் நான்கு மடங்கு வேறுபாடு. பெரிய மணி எத்தனை அரிது என்பதை ஒரே பெருக்கலில் அடக்கிவிட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டில் தவெர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் வைரத்துக்கு எழுதிவைத்த விதியும் இதே வர்க்கக் கணக்குத்தான்.

தமிழ்நாட்டின் கடைசிச் சலாபத் தொடர் 1955-இல் தொடங்கி 1961-இல் முடிந்தது. அதன் பிறகு பார்களில் சிப்பி தேறவில்லை. சிப்பிக் குஞ்சுகள் நீரில் மிதந்து போய்ப் பாறையைத் தேடி ஒட்ட வேண்டும். கடலின் நீரோட்டம் திசை மாறினாலும், மணல் நகர்ந்து பாரை மூடினாலும், திருக்கையும் நட்சத்திர மீனும் மிகுந்தாலும் ஒரு தலைமுறையே போய்விடும். பழைய நாட்களிலும் பத்து, இருபது ஆண்டுகள் சலாபம் இல்லாமல் கழிந்ததுண்டு. இந்த முறை இடைவெளி முடியவே இல்லை.

1973 ஜூலையில், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி, தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தார். ஜப்பானியர் பல பத்தாண்டுகளாக மூடிக் காத்த நுட்பம் அது. ஒரு சிப்பியின் போர்வையிலிருந்து சிறு துண்டை வெட்டி, ஓட்டில் கடைந்த மணியோடு சேர்த்து, மற்றொரு சிப்பியின் உடலுக்குள் வைப்பது. இடம் பெயர்ந்த உயிரணுவைப் பற்றி மேலே சொன்னேனே, அதைக் கையால் செய்வதுதான் முத்து வளர்ப்பு. மணல் துகள் போதும் என்றால் யாரும் இத்தனை பாடுபட வேண்டியதில்லை. 1980-களின் தொடக்கத்தில் பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சு வளர்ப்பதிலும் தூத்துக்குடி நிலையம் வென்றது. கொற்கைக் கடலின் முத்து மரபுக்கு நம் காலத்தில் சேர்ந்த மிகப் பெரிய பங்களிப்பு இது. இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் திருநெல்வேலிச் சீமையிலேயே குறைவு என்பது எனக்கு வருத்தம்.

ஆற்று முகத்துக்குத் தெற்கே, பெரியதாழை, உவரி, கூட்டப்புளி என்று கரையோடு போனால், அலை பின்வாங்கிய இடங்களில் மணல் ஊதாச் சிவப்பாகவும் கறுப்பாகவும் பட்டை பட்டையாகக் கிடப்பதைக் காணலாம். கறுப்பு, இல்மனைட். ஊதாச் சிவப்பு, கார்னெட் என்னும் செம்மணி. உட்புறத்துத் தேரிக்காட்டின் செம்மணலையும் இதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. தேரியின் சிவப்பு, மணல் துகளின்மேல் படிந்த இரும்புத் துரு. கரையின் சிவப்பு, துகளே மணியாக இருப்பதால் வருவது.

இந்தச் செம்மணி வந்தது மேற்கே, பொதிகை நிற்கும் மலைத்தொடரிலிருந்து. அதன் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 800 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் வெந்து உருமாறியவை. தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா எல்லாம் அப்போது கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இணைந்துகொண்டிருந்தன. அந்த அழுத்தத்தில் இரும்பும் அலுமினியமும் சிலிக்காவும் கூடிக் கார்னெட் படிகமாயின. பின்னர் மலை தேய, ஓடைகளும் ஆறுகளும் துகளைக் கடலுக்குக் கொண்டுவந்தன. சாதாரண மணலான குவார்ட்சின் அடர்த்தி 2.65, கார்னெட் சுமார் 4. அலை வந்து திரும்பும்போது லேசானதை இழுத்துக்கொண்டு கனமானதை விட்டுவிட்டுப் போகிறது. இதே சலிப்பு இரத்தினபுரிப் பள்ளத்தாக்கில் ஆற்றுச் சரளையில் நடந்ததால்தான் இலங்கைக்கு நீலமும் புஷ்பராகமும் வாய்த்தன.

நம் கரையின் கார்னெட் துகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பட்டை தீட்ட வழியில்லை. அதன் கடினம் மோஸ் அளவில் 7-ஐ ஒட்டியது. உடைந்தால் கூரிய முனை வரும். அதனால் உலோகத்தை நீர்த்தாரையால் அறுக்கும் தொழிலுக்கு டன் கணக்கில் தேவைப்படுகிறது. மணிக்கல் இங்கே மூட்டையில் விற்கிற சரக்காகிவிட்டது. அதை அள்ளியதில் எழுந்த முறைகேட்டுப் புகார்களால் 2013-இல் மாநில அரசு தாதுமணல் எடுப்பை நிறுத்தியது. ராகுவுக்கு உரியதாகச் சொல்லும் கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான். ஆனால் அதில் இரும்புக்குப் பதில் கால்சியம் இருக்கும். நிறம் தேன்போல் இருக்கும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் இலங்கைச் சரக்கு.

இலங்கைச் சரக்கு என்றதும் காயல்பட்டினத்தைச் சொல்லாமல் தீராது. ஆற்று முகத்தை அடுத்த இந்த ஊரின் குடும்பங்கள் பல, கொழும்பிலும் ஹாங்காங்கிலும் கல் வணிகம் செய்தவை, செய்பவை. அவர்கள் கையில் புரண்ட பெருஞ்சரக்கு குருந்தம். நிறமற்ற தூய குருந்தம் அலுமினியம் ஆக்சைடு. அதில் நூற்றுக்கு ஒரு பங்களவு குரோமியம் புகுந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் துளியளவு புகுந்தால் நீலம். நிறமும் தெளிவும் இல்லாமல் கிடைத்த குருந்தத்தைப் பொடியாக்கி அரக்கில் குழைத்து, மாணிக்கத்தையே தீட்டும் சாணையாக்கினார்கள் ஆசாரிகள். இலங்கையில் பாலாடை படிந்தது போலக் கிடைத்த மங்கிய கற்களை முன்பு வீசியெறிவார்கள். 1970-களில் தாய்லாந்து வணிகர்கள் அவற்றை 1,500 பாகைக்கு மேல் சூடாக்கிப் பார்த்தபோது, உள்ளே ஊசி ஊசியாகப் பிரிந்திருந்த டைட்டானியம் தாது கரைந்து படிகத்துக்குள் கலந்தது. கல் நீலமாயிற்று.

கற்களைக் கோள்களோடு இணைக்கும் வழக்கமும் உண்டு. ஆற்றங்கரையில் கோள்களுக்கு உரிய நவகைலாயத் தலங்களில் சேரன்மகாதேவி சந்திரனுக்கு, குன்னத்தூர் ராகுவுக்கு, முறப்பநாடு குருவுக்கு. சந்திரனுக்கு முத்து, குருவுக்கு மஞ்சள் புஷ்பராகம், செவ்வாய்க்குப் பவளம், சனிக்கு நீலம் என்று கோளையும் கல்லையும் இணைத்தவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே இணைத்தார்கள். வெறுங்கண்ணுக்கு முதலில் தெரிவது நிறம்தானே. ஆனால் ஒரு கல்லை அடையாளம் காண மிக மோசமான சாட்சி அதன் நிறம். கெம்பு என்று நம் பழைய அட்டிகைகளில் பதித்த சிவப்பில் மாணிக்கமும் இருக்கும், செம்மணியும் இருக்கும், கண்ணாடியும் இருக்கும். இங்கிலாந்து மணிமுடியில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று பெயர் பெற்ற கல்லே ஸ்பினல் என்று பின்னால் தெரிந்தது. அடர்த்தி, கடினம், ஒளிவிலகல் எண் மூன்றும் சொல்வதைத்தான் நம்பலாம். ராசிக்காகக் கல் அணிபவர்களுக்கும் இது பொருந்தும்: எந்த நம்பிக்கையோடு வாங்கினாலும், காசு கொடுத்த கல் அதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் தொங்கும் முத்துச்சரங்களில் பெரும்பங்கு சீன நாட்டு நன்னீர்ச் சிப்பியில் வளர்த்தவை. அவையும் உண்மையான முத்துதான். அதே அராகோனைட், அதே தகடு. பல்லில் லேசாக உரசினால் நறநறக்கும். கண்ணாடி மணியானால் வழுக்கும். இயற்கை முத்தா, மணி வைத்து வளர்த்ததா என்பதைப் பல்லும் கண்ணும் சொல்லாது. எக்ஸ் கதிர்ப் படத்தில்தான் உள்ளிருக்கும் மணியின் விளிம்பு தெரியும். பாட்டி காலத்து முத்துமாலை வீட்டில் இருந்தால், விற்கவோ உருக்கவோ கொடுக்குமுன் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். 1961-க்கு முந்திய மன்னார் முத்தாக இருக்க வாய்ப்புண்டு. மோஸ் அளவில் முத்து 4-ஐத் தாண்டுவது அபூர்வம் என்பதால், கல் பதித்த நகையோடு ஒரே பெட்டியில் போட்டால் கீறல் விழும். எலுமிச்சையும் வியர்வையும் அமிலம்; சென்ட்டும் ஆகாது. கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து வைக்க வேண்டும். கோக்கும்போது ஒவ்வொரு முத்துக்கும் இடையே பட்டுநூலில் ஒரு முடிச்சுப் போடச் சொல்லுங்கள்.